தேசிக்காய் மாட்டிய விரல்

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி நாற்பது நிமிடம். படுக்கை விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது என் வலது கைச் சுட்டுவிரல். நகத்தின் இடது ஓரம் சிவந்து, கடலைப் பருப்பளவு வீங்கி, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கியது. வலி ஒரு விநாடி பிந்தித்தான் வந்தது. சுவிட்சை அழுத்தியதும் அதே விரல்தான்.

பத்திரிகையில் வேலை செய்த நாட்களிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். எது நடந்தாலும் முதலில் மணியைப் பார்ப்பேன், அதன் பிறகுதான் ஐயோ என்பேன். அன்றும் அந்த வரிசை மாறவில்லை.

ஐயோ கேட்டு மனைவி எழும்பினாள். கண்ணாடி போடாமலே விரலைப் பார்த்தாள்.

“நகச்சுத்து. நேற்று நகத்தைக் கடிச்சனீங்கள் என்ன?”

“இல்லை.”

“செய்தி பாக்கேக்கை கடிச்சனீங்கள். நான் பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.”

கடித்தது உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் என் கவலை நகத்தைப் பற்றியதல்ல. வரும் ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு அந்த விரலுக்கு ஒரு வேலை இருந்தது.

எங்கள் வீடு மனோர் பார்க்கில், ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகள் நிற்கும் ஒரு தெருவில் இருக்கிறது. மூன்று வீடு தள்ளித் தமிழ்நாட்டிலிருந்து வந்த ஒரு டொக்டர் குடியிருக்கிறார். மருத்துவமனையில் மயக்க மருந்து கொடுப்பவர். நானும் அவரும் சேர்ந்து வாங்கிய ஒரு கரம் பலகை இருக்கிறது; அவர் கேரம் போர்டு என்பார். போட்டிக்குப் பாவிக்கும் பெரிய அளவு, கனமான சட்டம், நான்கு கால் தாங்கி. ஒவ்வொரு வருடமும் நவம்பர் கடைசி ஞாயிறு நாங்கள் இருவரும் மூன்று ஆட்டம் ஆடுவோம். வென்றவர் வீட்டில் பலகை ஒரு வருடம் இருக்கும். தோற்றவர் அதைத் தூக்கிக்கொண்டு தெருவழியே போய் வைத்துவிட்டு வரவேண்டும். இந்த விதிகளை நான்தான் எழுதினேன். அந்தத் தாள் பலகையின் பின்பக்கம் ஒட்டப்பட்டிருக்கிறது.

மூன்று வருடமாகப் பலகை எங்கள் வீட்டில்தான் இருந்தது. முன்னறையில் ஒரு சுவரில் சோபா, மறு சுவரில் டிவி. தாங்கியோடு பலகை நிற்க மிச்சமிருந்த ஒரே இடம் யன்னலடி. தெற்குப் பார்த்த யன்னல், கீழே ஹீட்டர். வீட்டிலேயே வெயில் வருகிற ஒரே மூலை அது.

அந்த மூலைக்கு இன்னொரு விண்ணப்பமும் இருந்தது. என் மனைவியின் கறிவேப்பிலைச் செடி. வடக்குப் பார்த்த சமையலறையில், கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சட்டியில் நின்றது. முந்திய குளிர்காலத்தில் அதே இடத்தில் வேறொரு செடி செத்திருந்தது. இதை அவள் விதையிலிருந்து எடுத்தவள். அந்தச் செவ்வாய்க்கிழமை அதில் பதினேழு இலைகள் இருந்தன. நான் எண்ணியதல்ல. அவள் ஒவ்வொரு நாளும் எண்ணி எனக்கு அறிவித்தாள்.

“ஞாயிறு நீங்கள் தோத்தால் சட்டியை யன்னலுக்குக் கொண்டுபோவன். வெண்டியள் எண்டால் உது மாசிக்குள்ளை சரி.”

செத்துவிடும் என்று அவள் சொல்லவில்லை. சரி என்றுதான் சொன்னாள்.

இப்படிப்பட்ட ஒருவர்தான் அன்று காலை என் விரலுக்கு மருந்து பார்த்தார்.

நகச்சுத்துக்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த மருந்து ஒன்றே. தேசிக்காயில் ஒரு துளை போட்டு, உப்பும் மஞ்சளும் வைத்து, விரலை உள்ளே செருக வேண்டும். தமிழ்நாட்டில் எலுமிச்சம்பழம் என்கிறார்கள், மருந்து ஒன்றுதான். பச்சைத் தேசிக்காய் என்றால் விரலுக்குத் தொப்பி போட்டதுபோல் அளவாக இருக்கும். எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததோ சூப்பர்மார்க்கெட்டில் வாங்கிய மஞ்சள் ரகம். தடித்த தோல், என் முஷ்டியில் பாதி அளவு. அது தொப்பியல்ல, தலைக்கவசம். மனைவி மரக்கறிக் கத்தியால் துளை போட்டு, ஒரு கரண்டி உப்பும் மஞ்சளும் வைத்து, என் விரலைப் பிடித்துத் தள்ளினாள்.

நான் எழுப்பிய சத்தத்துக்கு மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்; காலையில் அதிகம் பேசமாட்டாள். படியில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்பா, யூ ஆர் வெயாரிங் எ லெமன்.”

“நகச்சுத்து.”

“ஓகே,” என்று சொல்லிவிட்டுப் பாணை டோஸ்டரில் போட்டாள்.

அன்று எலிசபெத் லைன் ரயிலில் தேசிக்காயோடுதான் வேலைக்குப் போனேன். கம்பியைப் பிடித்தபோது அது என் முகத்துக்கு நேரே, மற்ற நான்கு விரல்களையும்விட உயரமாக நின்றது. பக்கத்தில் நின்றவர் ஒருமுறை பார்த்தார். பிறகு விளம்பரத்தைப் பார்த்தார். லிவர்பூல் ஸ்ட்ரீட் வரும்வரை ஒருவரும் என்னை இரண்டாம் முறை பார்க்கவில்லை. ஒரு பெண் மட்டும் மூக்கைச் சுளித்து, தன் கைப்பையைத் திறந்து, உள்ளே ஏதாவது ஊற்றுப்பட்டிருக்கிறதா என்று பார்த்தாள்.

ஒரு விரல் இல்லாமல் எத்தனை வேலை நின்றுபோகும் என்பதை அன்று குறித்துக்கொண்டேன். சட்டையின் மேல் பொத்தானைப் போட முடியாது. சப்பாத்து நாடாவைக் கட்ட முடியும், ஆனால் அவிழ்க்க முடியாது. கொம்பியூட்டர் விசைப்பலகையில் வலப்பக்க எழுத்துகள் மஞ்சளாயின. இரவுச் சாப்பாட்டுக்குப் பிட்டும் மீன் குழம்பும். கரண்டியால் சாப்பிட்டேன்.

“வெள்ளைக்காரன் மாதிரியே இருக்கிறியள்,” என்றாள் மனைவி. “அவங்களும் குழம்பைத் தனியத்தான் குடிப்பினம்.”

ஒரேயொரு நன்மை இருந்தது. எங்கள் வீட்டில் இரவுப் பாத்திரம் கழுவுவது என் முறை. தேசிக்காய் மாட்டிய கையால் பாத்திரம் கழுவ ஏலாது. இதை நான் சொல்லவில்லை. எழும்பிப்போய்க் கழுவும் தொட்டிக்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அவளே வந்து என்னைத் தள்ளிவிட்டுக் கழுவினாள்.

ஏழரைக்கு டொக்டர் வந்தார். வாசலிலேயே சிரிப்புத் தொடங்கிவிட்டது.

“என்ன சார், புது வண்டியா? நாலு சக்கரத்துக்கும் வைக்கணும், ஒண்ணுக்குத்தான் வச்சிருக்கீங்க.”

“சிரிக்காதேங்கோ டொக்டர்,” என்றாள் மனைவி. “உது எங்கடை மருந்து.”

“எங்க வீட்லயும் இதேதான் அக்கா. எங்கம்மா என் விரலைப் பிடிச்சு உள்ள சொருகினாங்க பாருங்க, அன்னைக்குத்தான் டாக்டருக்குப் படிக்கிறதுன்னு முடிவு பண்ணேன்.”

தேசிக்காயைக் கழற்றி, விரலை விளக்கருகே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பார்க்கும்போது சிரிக்கவில்லை.

“சீழ் இன்னும் பெருசா கட்டல. வெந்நீர்ல ஒரு நாளைக்கு நாலு தடவை, பத்துப் பதினஞ்சு நிமிஷம் முக்கி வைங்க. வீக்கம் ஏறுச்சுன்னா, ஜுரம் வந்துச்சுன்னா உங்க ஜிபி டாக்டர்கிட்ட காட்டுங்க. இந்தப் பழத்தைத் தூக்கிப் போடுங்க. அப்புறம் விரலைச் சுண்டவே கூடாது. பத்து நாளைக்கு.”

“பத்து நாளோ?”

“பத்து நாள்.”

“ஞாயிறுக்கு ஐஞ்சு நாள்தானே இருக்கு.”

“அது கேலண்டரோட பிரச்சினை சார்.”

“போட்டியை ஒரு கிழமை தள்ளி வைப்பமோ?”

“எனக்கு ஓகேதான்,” என்று சொல்லிவிட்டு, முன்னறைக்குப் போய், குனிந்து பலகையின் பின்பக்கம் பார்த்தார். “ஆனா மூணாவது விதி இருக்கே. ஒத்திவைக்கக் கேட்பவர் தோற்றவராகக் கருதப்படுவார். உங்க கையெழுத்து சார். எவ்ளோ அழகா எழுதியிருக்கீங்க.”

முதல் வருடம் மருத்துவமனை வேலையைக் காரணம் காட்டி அவர் இரண்டு தடவை நாள் கேட்டிருந்தார். அந்தக் கோபத்தில் எழுதிய விதி அது.

அவர் போனபின் உட்கார்ந்து யோசித்தேன். செய்தி தருபவருக்கு அந்தச் செய்தியால் லாபம் உண்டா என்று பார்ப்பது என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம். டொக்டர் விரலைச் சுண்டாதே என்கிறார். நான் சுண்டாவிட்டால் பலகை அவருக்கு. அதோடு, மயக்க மருந்துக்காரரிடம் விரலைக் காட்டினால் விரலைத் தூங்கவைக்கத்தான் சொல்வார். மனைவி தேசிக்காய் மாட்டு என்கிறாள். மாட்டினால் என்னால் ஆட ஏலாது, யன்னல் அவளுக்கு. இரண்டு மூலங்கள், இரண்டும் கறைபட்டவை. மூன்றாவதாக மகளிடம் கேட்டேன்.

“அப்பா, ஜஸ்ட் லிசன் டு த டொக்டர்.”

“அவர் எதிராளி பிள்ளை.”

“ஹீஸ் ஆல்ஸோ எ டொக்டர்.”

ஆகவே இரண்டையும் செய்தேன். வீட்டில் மனைவியின் கண்முன்னே தேசிக்காய். வேலையிடத்தில், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டு, தேநீர்க் கோப்பையில் சுடுதண்ணீர். இதை மனைவிக்கும் சொல்லவில்லை, டொக்டருக்கும் சொல்லவில்லை. வீக்கம் மாறினால் இருவரும் பெருமைப்படட்டும், தனித்தனியாக.

புதன் முதல் ஒவ்வொரு பின்னேரமும், மனைவி கடைக்கோ கோயிலுக்கோ போன நேரமாகப் பார்த்து, யன்னலடியில் இருந்து நடுவிரலால் பயிற்சி எடுத்தேன். சுட்டுவிரல் தேசிக்காயோடு மேலே நிற்க, நடுவிரல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டும். முதல் நாள் காய்கள் தாங்களே விரும்பிய இடத்துக்குப் போயின. இரண்டாம் நாள் பாதி சொல்வழி கேட்டன. வெள்ளிக்கிழமை எதிர்ப்பக்கக் குழிகளில் தொடர்ந்து ஆறு காய் போட்டேன். அதே வெள்ளிக்கிழமை செடியில் மூன்று இலைகள் உதிர்ந்தன. மனைவி அவற்றை மேசையில் வரிசையாக வைத்திருந்தாள். “பதினாலு,” என்றாள். நான் தலையை ஆட்டினேன். கையில் தேசிக்காய் இருந்ததால் வேறு ஒன்றும் செய்ய முடியவில்லை என்பதுபோல் ஆட்டினேன்.

சனிக்கிழமை காலை வலி இல்லை. தேசிக்காயைக் கழற்றிப் பார்த்தேன். வீக்கம் வற்றி, நகத்தோரத்தில் தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. சுட்டுவிரலால் மேசையை ஒருமுறை சுண்டினேன். சுகம்.

நியாயமான மனிதன் என்றால் அப்போதே வீட்டுக்கு அறிவித்திருப்பான். நான் புதுத் தேசிக்காய் ஒன்றை எடுத்து, துளை போட்டு, மாட்டிக்கொண்டேன். டொக்டர் என்னை நடுவிரல்காரன் என்று நினைத்துக்கொண்டு வரட்டும் என்பது ஒரு காரணம். அன்று இரவு கழுவ ஒரு நண்டுக் குழம்புச் சட்டி வரவிருந்தது. அது மற்றக் காரணம்.

பகல் பன்னிரண்டரைக்கு, வீட்டில் ஒருவரும் இல்லாதபோது, கடைசிப் பயிற்சிக்கு உட்கார்ந்தேன். என் வலக்கைப் பக்கக் குழியை நோக்கி உருண்ட காய் ஒன்று, குழிக்கு நான்கு விரற்கடை முன்னால் சட்டென்று நின்றது. மறுபடி அடித்தேன். அதே இடத்தில் நின்றது. குனிந்து தடவினேன். பிசுபிசுப்பு. மூன்று நாள் சுண்டியதில் தேசிக்காய்ச் சாறு சொட்டியிருந்தது. அதன் மேல் கரம் பவுடர் படிந்து, உள்ளங்கையில் பாதியளவுக்கு ஒரு திட்டு. கண்ணுக்குத் தெரியாது. காய்க்கு மட்டும் தெரியும்.

துடைத்திருக்கலாம். பலகையை நாங்கள் இருவரும் தவிர வேறு யாரும் தொடக்கூடாது என்பது நான்காவது விதி. முதல் வருடம் மனைவி ஈரத்துணியால் துடைத்து ஒரு மூலை ஊதிப்போனதால் வந்தது. நான் தொடலாம். துணியைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு கொஞ்சம் கணக்குப் பார்த்தேன். எப்போதும் நான் இருப்பது யன்னல் பக்கம். ஆடுபவர் பெரும்பாலும் எதிர்ப்பக்கக் குழிகளுக்குத்தான் அடிப்பார். என் வலக்கைக் குழி எனக்கு அவ்வளவாகத் தேவைப்படாது. டொக்டருக்கோ அது எதிர்க்குழி. நான் ஒரு பொய்யும் சொல்லப் போவதில்லை. ஒரு தகவலை வெளியிடாமல் வைத்திருக்கப் போகிறேன், அவ்வளவுதான். துணியை மடித்து இருந்த இடத்தில் வைத்தேன்.

ஞாயிறு இரண்டு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் டொக்டர் வந்தார். கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, என் கையைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

“இன்னும் பழம்தானா? பாவம் சார் நீங்க. வேணும்னா மெதுவா ஆடறேன்.”

இதற்காகத்தான் காத்திருந்தேன். யன்னலடிக் கதிரைக்குப் பக்கத்தில் நின்றபடி, எல்லோரும் பார்க்கத் தேசிக்காயைக் கழற்றித் தட்டில் வைத்து, சுட்டுவிரலைச் சுண்டிக் காட்டினேன். சத்தம் நன்றாக வந்தது.

“அட! ஆறிடுச்சே,” என்றார் டொக்டர். “எப்போ?”

வெற்றியின் போதையில் நான் உண்மையைச் சொன்னேன். “நேற்றுக் காலமையே சுகம்.”

சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

“நேற்றுக் காலமையோ?”

தட்டில் கிடந்த தேசிக்காயைப் பார்த்தாள்.

“அப்ப நேற்று நண்டுச் சட்டி?”

“அது… முழுக்கச் சுகம் எண்டு இல்லை…”

“தேச்சுத் தேச்சு என்ரை கை விட்டுப்போச்சு. நீங்கள் பக்கத்திலை நிண்டு, மெல்லமாத் தேயும், சட்டி கீறுப்படும் எண்டனீங்கள்.”

மகள் சோபாவிலிருந்து, “அப்பா!” என்றாள். அந்த ஒரு சொல்லே போதும் என்று அவளுக்குத் தெரியும்.

மனைவி முன்னறைக்குள் வந்தாள். என் பக்கத்திலிருந்த கதிரையை மெதுவாக இழுத்து, டொக்டரை நோக்கித் திருப்பினாள்.

“டொக்டர், நீங்கள் யன்னல் பக்கம் இருங்கோ. வெளியிலை நல்ல குளிர். ஹீட்டர் அங்கைதான்.”

“பரவால்ல அக்கா, சார் எப்பவும் அங்கதானே…”

“வீட்டுக்கு வந்த ஆளை வாசல் காத்திலை இருத்துறதோ? இருங்கோ.”

டொக்டர் யன்னல் பக்கம் இருந்தால் நான் எதிரே. அந்தத் திட்டு இருக்கும் குழி இப்போது என் எதிர்க்குழி. ஏன் மாறக்கூடாது என்று கேட்டால், காரணம் சொல்ல வேண்டும்.

“எனக்கு அங்கை இருந்தால்தான் வெளிச்சம்,” என்றேன்.

மகள் எழும்பி மின்விளக்கைப் போட்டாள்.

முதல் ஆட்டம் நான் வென்றேன். சுட்டுவிரல் சொன்னபடி கேட்டது. அந்த இடப்பக்க எதிர்க்குழியை மட்டும் தவிர்த்து, மற்ற மூன்று குழிகளோடு வாழ்க்கை நடத்தினேன். இரண்டாவது ஆட்டத்தில் டொக்டருக்கு இது விளங்கிவிட்டது. ஏன் என்று விளங்கவில்லை, என்ன என்று விளங்கிவிட்டது. மற்ற மூன்று குழிகளின் வாயிலும் தன் காய்களைக் கொண்டுவந்து காவலுக்கு வைத்தார். அந்த ஆட்டம் அவருக்கு.

மூன்றாவது ஆட்டத்தில் சிவப்புக் காய் எனக்கு விழுந்தது. கடைசியில் இருவருக்கும் ஒவ்வொரு காய் மிச்சம். அடி என்னுடையது. என் வெள்ளைக் காய் பலகையின் நடுவுக்குச் சற்று அப்பால், நேர்கோட்டில், ஒரு சிறுபிள்ளையும் போடக்கூடிய இடத்தில் நின்றது. நேர்கோடு போய்ச் சேரும் குழி அதுதான்.

“என்ன சார் யோசனை? கண்ணை மூடிட்டு அடிக்கலாமே,” என்றார் டொக்டர்.

மனைவி சமையலறை வாசலில் கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றாள். அவள் பலகையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

பலமாக அடித்தால் தாண்டிவிடும் என்று நினைத்தேன். பலமாகத்தான் அடித்தேன். காய் நேராகப் போயிற்று, திட்டில் ஏறியது, யாரோ கையால் பிடித்ததுபோல் தளர்ந்தது, குழியின் விளிம்புக்கு ஒரு தீக்குச்சி அகலத்தில் நின்றுவிட்டது. டொக்டர் தன் காயை எதிர்க்குழியில் போட்டார். மணி மூன்று ஐந்து.

அவர் உடனே எழும்பவில்லை. குனிந்து, என் காய் நின்ற இடத்தை விரலால் தடவினார். விரலை மூக்குக்குக் கொண்டுபோனார்.

“எலுமிச்சம்பழம்,” என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். “சார், என் வைத்தியத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். அக்கா மருந்துதான் மருந்து. எனக்கு நல்லா கேட்டுச்சு.”

மகள் குஷனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நான் மனைவியைப் பார்த்தேன்.

“உமக்குத் தெரியுமோ?”

“என்ன தெரியும்? நேற்றுக் காலமை தூசி தட்டேக்கை துணி ஒட்டினது. உடனை கையை எடுத்திட்டன்.”

“துடைச்சிருக்கலாமே.”

“தொடக்கூடாது எண்டு சட்டம் எழுதினது ஆர்?”

தோற்றவர் தூக்க வேண்டும் என்பதால் பலகையை நான் தூக்கினேன். தாங்கியை டொக்டர் எடுத்துக்கொண்டார், விதியில் அப்படி இல்லாதபோதும். தெருவில் போகும்போது மூன்று தடவை, “விரல் பத்திரம் சார்,” என்றார். கதவைத் திறந்த அவர் மனைவி முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு பலகையைப் பார்த்தார்.

“ஜெயிச்சுட்டீங்களா?” என்று கணவரைக் கேட்டார். “மூணு வருஷம் வீடு நல்லா இருந்துச்சு.”

நான் திரும்பி வந்தபோது, யன்னலடியில் தாங்கியின் கால்கள் கம்பளத்தில் பதித்த நான்கு குழிகளுக்கு நடுவே கறிவேப்பிலைச் சட்டி இருந்தது. வெயில் அதன் அரைவாசியில் விழுந்தது. மனைவி சோபாவில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். கழுவும் தொட்டியில் மத்தியானச் சாப்பாட்டின் பாத்திரங்கள் அத்தனையும் இருந்தன. மேலே, ஒரு தட்டில், நான் கழற்றிய தேசிக்காய். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தண்ணீரைத் திறந்தேன்.

அன்று செடியில் பதினான்கு இலைகள் இருந்தன. மார்ச் மாதத்து முதல் ஞாயிறு காலை ஏழு பத்துக்கு எண்ணினேன். முப்பத்தாறு.